மட்டமென்று எழுதப்பட்ட பாக்கு

தம்பி சண்முகம்,

இங்கே எல்லாரும் சுகம் என்று தொடங்கத்தான் கை பழகியிருக்கிறது. பொய்யில்லை, சுகம்தான். முழங்கால் வீக்கம் நீ போன அன்று இருந்தபடியே இருக்கிறது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. உன் கப்பல் இந்நேரம் பினாங்கை விட்டுப் புறப்பட்டிருக்கும். துறையிலிருந்து கிள்ளானுக்கு ரயிலில் தனியாகத் திரும்பி வந்து, சேலையைக்கூட மாற்றாமல் படுத்துவிட்டேன். நேற்றும் இன்றும் மழை. மழை பெய்தால் களத்தில் பாய் விரிக்க முடியாது, பாக்கு காயாது, பெண்களும் வேலைக்கு வரமாட்டார்கள். அதனால் இந்தக் கடிதம் எழுத நேரம் கிடைத்தது. அடுத்த வாரத் தபால் கப்பலில் போகும். நீ நாகப்பட்டினத்தில் இறங்கி, நம் பாக்கை வாங்கும் கடையில் உட்கார்ந்து ஏழெட்டு நாள் ஆன பிறகுதான் உன் கைக்கு வரும். அதுவும் நல்லதுதான். நேரில் பேசினால் நான் பாதி சொல்வதற்குள் மீதியை நீ சொல்லி முடித்துவிடுகிறாய். கடிதத்தில் அது நடக்காது.

இத்தனை வருஷம் உன் அம்மா நான் விற்கிற பக்கம் உட்கார்ந்தவள். நீ இப்போது வாங்குகிற பக்கம் போய் உட்காருகிறாய். அது உன் கெட்டிக்காரத்தனத்துக்குக் கிடைத்தது. சமீபமாக எனக்காக நீ எழுதிய இங்கிலீஷ் கடிதங்களைப் பார்த்துத்தான் அந்தக் கடை முதலாளி உன்னைக் கேட்டார். எனக்கு அதில் பெருமை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த நாற்காலியைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல வேண்டுமானால், நான் செய்த ஒரு காரியத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால்தான் ஐந்து வருஷமாகச் சொல்லாமலே இருந்தேன்.

உன் அப்பா கிள்ளான் ஸ்டேஷனில் சரக்குக் கொட்டகையில் வேலை பார்த்தவர் என்பது உனக்குத் தெரியும். காப்பாரிலிருந்தும் ஜெராமிலிருந்தும் மாட்டுவண்டியில் பாக்கு மூட்டை வந்து இறங்குவதையும், அது கப்பலேறி நம் ஊர்ப்பக்கம் போவதையும் பத்து வருஷம் பார்த்துவிட்டு, நாமே செய்தால் என்ன என்று வேலையை விட்டவர். ஆற்றோரம் இந்தக் களத்தை எடுத்தார். கம்பத்து மலாய்க்காரர்கள், சுற்றுக் கிராமத்தார், பச்சைக்காயாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள், சிலர் தாங்களே காயவைத்தும் கொண்டுவருவார்கள். இங்கே பெண்கள் அதைப் பிளந்து, காயவைத்து, தரம் பிரித்துக் கொடுப்பார்கள். போகிற கப்பலில் பாக்கு போகும். வருகிற கப்பலில் வெங்காயமும் மிளகாய் வற்றலும் கைலித் துணியும் வரும். கிள்ளான் பாசாரில் விற்கிற வெங்காயத்தில் ஒரு பங்கு நம் பாக்குக்கு மாற்றாக வந்ததுதான். உன் அப்பா மூட்டை தைத்துக்கொண்டே ஊர்ப்பக்கத்து ஜனங்களைப் பற்றிச் சொல்வார்: "அவங்க வாய் பெருசு, நம்ம கை சிறுசு. நாம எவ்வளவு குடுத்தாலும் அவங்க மென்னுக்கிட்டேதான் இருப்பாங்க. பயமே இல்ல." அதை ஒரு தைரியமாகத்தான் அவர் சொன்னார். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். அவ்வளவு பெரிய வாய்க்கு ஒரு சின்னக் கை வராமல் போனால் தெரியவே தெரியாது என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

அவர் காய்ச்சலில் போனபோது உனக்குப் பன்னிரண்டு வயது. உன்னைக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என் அண்ணன் வீட்டில், ரயில்வே குவார்ட்டர்ஸில், படிக்க விட்டுவிட்டு நான் களத்தைப் பார்த்துக்கொண்டேன். நாகப்பட்டினத்துக்கு முன்பே நான்தான் கடிதம் எழுதுவேன், அவர் கையெழுத்துப் போடுவார். பிறகு கையெழுத்தையும் நானே போட்டேன், முதலெழுத்து மட்டும். அவர்கள் என்னை அப்பாவின் தம்பி என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை. பெண்பிள்ளை என்று தெரிந்தால் என்ன எழுதுவார்களோ என்று ஒரு கூச்சம்.

பாக் லெமானை உனக்கு நன்றாகத் தெரியும். நீ பள்ளிக்கூட விடுமுறைக்கு வரும்போதெல்லாம் மங்குஸ்தீன் கூடையோடு வந்து நிற்பாரே, காப்பார்க்காரர். நமக்குச் சரக்குக் கொடுத்த பதினெட்டுப் பேரில் அவர் பாக்குதான் முதல் தரம். தானே காயவைத்துத்தான் கொண்டுவருவார். கையில் எடுத்துக் குலுக்கினாலே தெரியும். அப்பா இறந்த மறு வருஷம் நாகப்பட்டினத்துக் கடையிலிருந்து எவ்வளவு இருந்தாலும் அனுப்புங்கள் என்று எழுதினார்கள். நான் அந்தக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன். பின்பக்கம் இரண்டு துண்டு நிலத்தில் அவருக்கு ரம்புத்தானும் டுரியானும் நின்றன. பெரிய மரங்கள். "அதை வெட்டிட்டுப் பாக்கு நடுங்க, பாக் லெமான். அந்தப் பெரிய ஊரு வாங்காம எங்க போகும்?" என்றேன். அவருக்கு மனசில்லை. அவருடைய மனைவி மாக் சித்திக்குச் சுத்தமாக மனசில்லை, டுரியான் மரம் தன் கல்யாணத்துக்கு நட்டது என்றாள். நான் விடவில்லை. மூன்று தடவை போனேன். கடைசியில் வெட்டினார். பாக்குக் கன்று நட்டு ஏழு வருஷம் காத்திருந்தார். உனக்குத் தெரியும், பாக்கு அவசரப்படாது.

அந்த மரங்கள் முதல் முறை நிறையக் காய்த்த வருஷம், ரப்பர் விலை விழுந்து கிடந்த வருஷங்களில் ஒன்று. நீ கோலாலம்பூரில் குமாஸ்தா வேலையில் சேர்ந்திருந்தாய். எஸ்டேட்டுகளில் ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். நம் தொழிலுக்கு ஒன்றும் வரவில்லை, ஊர் மெல்லுவதை நிறுத்தவா போகிறது என்று நான் தைரியமாக இருந்தேன். அந்தப் பருவத்தின் முதல் சரக்கு போய்ச் சேர்ந்தது. பதில் கடிதம் நான்கே வரி. கிள்ளான் சரக்கு பூஞ்சை பிடித்து, மட்டமாக வந்திருப்பதாகவும், பேசிய விலைக்கு எடுக்க இயலாது என்றும், அடுத்த சரக்கை நிறுத்திவைக்கும்படியும் எழுதியிருந்தது. கீழே வழக்கம்போல "தங்கள் அன்புள்ள" என்று முடித்திருந்தது.

அந்த முதல் சரக்கில் பாதிக்கு மேல் பாக் லெமானுடையது. என் கையால் பார்த்து ஏற்றியது. அதில் பூஞ்சை இல்லை என்று எனக்குத் தெரியும், தம்பி. ஆனாலும் அச்சடித்த தலைப்புள்ள தாளில், அவ்வளவு அழகான கையெழுத்தில் வந்ததைப் படித்ததும் என் கண்ணை விட அந்தத் தாளைத்தான் நம்பினேன். ஒருவேளை கப்பலில் ஈரம் பட்டிருக்கும், ஒருவேளை நான்தான் சரியாகப் பார்க்கவில்லை என்று நானே காரணம் தேடிக்கொடுத்தேன்.

மறுநாள் காலையில் பாக் லெமான் அடுத்த சுமையோடு வந்துவிட்டார். இரண்டு வண்டி. அவர் பின்னால் இன்னும் நான்கு பேர் சரக்கோடு நின்றார்கள். என்னிடம் வாங்க வழியில்லை. அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "அங்க வேணாம்னுட்டாங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், ஏழு வருஷத்துக்கு முன் மூன்று முறை அவர் வீட்டு வாசலில் நின்று நான் கொடுத்த வாக்கு என்ன ஆனது என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்து, கையில் இருந்த வார்த்தையை எடுத்து அவர்மேல் போட்டேன்.

"பாக் லெமான், உங்க பாக்கு பூஞ்சையாம். அங்கேருந்து எழுதிட்டாங்க. எடுக்க முடியாது."

அவர் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார். முதல் மூட்டையைப் பிரித்து, ஒரு பாக்கை எடுத்துப் பாதியாக வெட்டி என் முன்னால் மேஜையில் வைத்தார். உள்ளே வெள்ளையும் சிவப்புமாக ரேகை பளிச்சென்று இருந்தது. இன்னொன்று வெட்டினார், இன்னொன்று. ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் எடுத்து வெட்டினார். நாற்பது பாக்கு, எண்பது துண்டு, மேஜை நிறைந்துவிட்டது. ஒன்றில்கூடப் பூஞ்சை இல்லை. வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் பாக்குவெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். பின்னால் நின்ற நான்கு பேரும் பார்த்தார்கள்.

"எங்க லா பூசோக்? காட்டுங்க, தவுக்கே" என்றார். தவுக்கே என்றால் முதலாளி. என்னை அவர் வழக்கமாகச் சிரித்துக்கொண்டுதான் அப்படிக் கூப்பிடுவார். அன்றைக்குச் சிரிக்கவில்லை. பூசோக் என்றால் அழுகல்.

நான் அந்த எண்பது துண்டையும் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "இங்க நல்லாத்தான் இருக்கு. கப்பல்ல போனா அழுகுது. பெரிய ஊருக்காரங்க சொன்னா அது சரியாத்தான் இருக்கும், பாக் லெமான். நமக்கு என்ன தெரியும்?"

அவர் வெட்டிய துண்டுகளைத் தோள் துண்டில் அள்ளி முடிந்துகொண்டார். ஒரு துண்டைக்கூட மேஜையில் விடவில்லை. இரண்டு வண்டியையும் திருப்பிக்கொண்டு போய்விட்டார், பின்னால் நின்ற நான்கு பேரும் சரக்கை இறக்காமலே போனார்கள்.

மூன்றாம் நாள், நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று தீர்மானம் செய்தேன். நான் ஊருக்குப் போகிறேன், உன் சித்தி மகள் கல்யாணம் என்று உனக்கு எழுதினேனே, அந்தப் பயணம் இதுதான். கல்யாணம் ஒன்றும் இல்லை. ஒரு சாக்குப் பையில் மாதிரிக்குப் பாக்கு எடுத்துக்கொண்டு கப்பலேறினேன். மேல்தளம் முழுக்க எஸ்டேட் ஜனங்கள், வேலையில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள். படுக்க இடமில்லாமல் தகரப்பெட்டிகளின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். என் பக்கத்தில் ரவாங் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து வந்த ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். திடகாத்திரமான உடம்பு. தண்ணீர்க் குடத்தை ஒற்றைக் கையால் தூக்கினாள்.

"உன்னையும் ஆள் கொறைப்புல அனுப்பிட்டாங்களா?" என்று கேட்டேன்.

"ஆள் கொறைப்புன்னு சொல்லியிருந்தா பரவால்ல அக்கா" என்றாள். "எனக்கு ஒடம்பு வேலைக்கு லாயக்கில்லன்னு சீட்டு எழுதிக் குடுத்துட்டாங்க. பதினாலு வருஷம் ரப்பர்ப்பால் வெட்டுனேன், ஒரு நாள் காய்ச்சல்னு படுத்ததில்ல. இப்ப ஊருக்குப் போயி அந்தச் சீட்ட நான் யாருகிட்ட காட்டுறது? அங்க யாரு எனக்கு வேல குடுப்பா?"

கடல் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவளுடைய பேரைக்கூடக் கேட்கவில்லை என்பது இறங்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

நாகப்பட்டினத்தில் கப்பல் தூரத்திலேயே நின்றுவிடும், படகில்தான் கரைக்கு வர வேண்டும். உனக்கு இப்போது அது தெரிந்திருக்கும். நனைந்த சேலையோடு, பையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். உன் முதலாளி அப்போது ஒல்லியாக இருந்தார், அவரைப் பிள்ளை என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். "கிள்ளான்லேருந்தா? சரக்குக்காரர் எங்கம்மா?" என்று என் பின்னால் எட்டிப் பார்த்தார். "நான்தான்" என்றேன். என் கையிலிருந்த பையைப் பார்த்தார். பிறகு உள்ளே கூப்பிட்டு, வீட்டுப் பெண்களிடம் சொல்லி, மாற்றுச் சேலை கொடுத்து, இலை போட்டுச் சாப்பாடு போட்டார். அவரைக் கெட்டவர் என்று நான் எந்த இடத்திலும் எழுதவில்லை, கவனித்துக்கொள். சாப்பிட்ட பிறகு சரக்குக் கிட்டங்கிக்குக் கூட்டிப்போனார். தம்பி, அப்பாவும் நானும் வாழ்நாளெல்லாம் அனுப்பியது எவ்வளவு என்று எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. அந்தக் கிட்டங்கியில் நம் சரக்கு கடைக்கோடியில், கதவுக்குப் பின்னால், ஒரு மூலையில் இருந்தது. மற்றதெல்லாம் இலங்கையிலிருந்து, சுமத்ராவிலிருந்து, மலையாளத்து மேற்குக் கரையிலிருந்து வந்தது. கூரை வரைக்கும். நம் மூட்டைகளைப் பிரிக்கவே இல்லை. நான் தைத்த தையல் அப்படியே இருந்தது.

"இத இன்னும் பிரிக்கவே இல்லையே ஐயா" என்றேன். "எப்படிப் பூஞ்சைன்னு எழுதினீங்க?"

அவர் மழுப்பவில்லை. "உங்க சரக்கு நல்ல சரக்குதாம்மா. எனக்குத் தெரியாதா? வெளிநாட்டுப் பாக்குக்கு சர்க்கார் வரியக் கூட்டிருச்சு. எங்க மேற்குக்கரைத் தோட்டக்காரனும் பொழைக்கணுமில்ல. நீங்க சொன்ன வெலைக்கு எடுத்தா எனக்குக் கட்டாது."

"அதையே எழுதியிருக்கலாமே."

"வரின்னு எழுதினா, பேசின பேச்ச நாங்க மீறினதா ஆகும். சரக்கு மட்டம்னு எழுதிட்டா யாருக்கும் பேச்சுக்கு எடமில்ல பாருங்க. குமாஸ்தா எல்லா ஊருக்கும் ஒரே மாதிரிதான் எழுதினார். நீங்க இதுக்காக இவ்வளவு தூரம் கப்பலேறி வருவீங்கன்னு எங்களுக்குத் தோணல." அவர் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. "பேர் ஒண்ணும் கெட்டுப்போகலம்மா. இங்க யாருக்கு அது ஞாபகம் இருக்கப்போகுது?"

அவர் சொன்னது உண்மை. அங்கே யாருக்கும் ஞாபகம் இருக்கப்போவதில்லை. நான் சண்டை போடவில்லை. கிட்டங்கியில் கிடந்த சரக்கைப் பாதி விலைக்கு விட்டேன். அடுத்த பருவம் நிலைமை சரியானால் எழுதுகிறேன் என்றார், தலையாட்டினேன். அவர் கொடுத்த வெங்காயத்தை ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தேன். ஒரே வாசல் உள்ள வீட்டில் இருப்பவள் வாசலோடு கோபித்துக்கொண்டு எங்கே போவாள்? அன்றைக்கு எனக்கு வந்த அசதி இன்னும் போகவில்லை. முழங்காலில் இருப்பதும் அதுதானோ என்று சில நாள் தோன்றுகிறது.

இதுவரை எனக்கு அவர்கள் செய்தது. இனிமேல் நான் செய்தது.

கிள்ளானுக்கு வந்து இறங்கிய அன்றே நான் காப்பாருக்குப் போயிருக்க வேண்டும். போய், "உங்க பாக்குல ஒரு குறையும் இல்ல, அங்க வரி போட்டுட்டாங்க, கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லியிருந்தால் அரை நாள் வேலை. நான் போகவில்லை. நாளைக்கு, அடுத்த வாரம், மழை விடட்டும் என்று பத்து மாதம் போகவில்லை. பாக் லெமானிடம் பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டால் மற்ற பதினேழு பேரும் இனி என் பேச்சை நம்ப மாட்டார்கள் என்று ஒரு நியாயம் வைத்துக்கொண்டேன். அதைவிடக் கேவலம், அந்தப் பத்து மாதத்தில் இன்னும் இரண்டு பேருடைய சரக்கை நான் அதே வார்த்தை சொல்லித் திருப்பினேன். அது எவ்வளவு சுலபமான வார்த்தை என்று அப்போதுதான் கண்டுகொண்டேன். "வேண்டாம்" என்று சொன்னால் எதிரே நிற்பவன் நம்மைப் பார்ப்பான். "மட்டம்" என்று சொன்னால் குனிந்து தன் மூட்டையைப் பார்ப்பான்.

மறு பருவத்தில் பிள்ளை சொன்னபடியே எழுதினார். விலை குறைவுதான், ஆனாலும் வாங்குகிறோம், முதல் தரம் மட்டும் அனுப்புங்கள் என்று. முதல் தரம் என்றால் பாக் லெமான்தான். அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வண்டி பிடித்துக் காப்பாருக்குப் போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று மலாயில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அவர் வீட்டுக்குப் பின்னால் வானம் தெரிந்தது. முன்பு அங்கே வானம் தெரியாது. இரண்டு துண்டு நிலத்திலும் மரவள்ளி நட்டிருந்தார். பாக்கு மரங்களை அடியோடு வெட்டி, பிளந்து, கோழிக்கூண்டுக்கும் வேலிக்கும் போட்டிருந்தது. பழைய மரங்களையும் விடவில்லை. மாக் சித்தி என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். பாக் லெமான் மண்வெட்டியை வைத்துவிட்டு வந்து, உட்காரச் சொன்னார். அவர் மலாயில் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

"எப்ப வெட்டினீங்க?" என்று கேட்டேன்.

"ஆறு மாசம் ஆச்சு" என்றார். "மண்ணுல ஏதோ கோளாறு தவுக்கே. வெட்டிப் பாத்தா நல்லா இருக்கு, கப்பல்ல போனா அழுகுதுன்னா, உள்ளுக்குள்ள ஏதோ சொத்தை இருக்குன்னுதானே அர்த்தம்? அந்த எண்பது துண்டையும் வீட்டுல வெச்சு மாசக்கணக்கா பாத்தேன். அழுகவே இல்ல. எனக்குப் புரியல. வயசான கண்ணு, நமக்கு என்ன தெரியும்னு வெட்டிட்டேன். கடைத்தெருவுல எனக்கு இப்ப பேரே லெமான் பூசோக்னு ஆயிருச்சு லா." சிரிக்கப் பார்த்தார்.

நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், கிட்டங்கி, பிரிக்காத மூட்டை, வரி, குமாஸ்தா எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி எழுதியது. உங்கள் பாக்கில் குறையில்லை, அன்றைக்கே எனக்குத் தெரியும், தெரிந்துதான் சொன்னேன் என்றும் சொன்னேன். அவர் திரும்பி மரவள்ளியைப் பார்த்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருக்கலாம்.

"வேணாம்னு சொல்லியிருக்கலாமே, தவுக்கே" என்றார். "வேணாம்னு சொல்லியிருந்தா மரம் நின்னிருக்கும்."

அவ்வளவுதான். நான் கன்று வாங்கித் தருகிறேன், ஆள் விட்டு நட்டுத் தருகிறேன் என்றேன். "பாக்கு ஏழு வருஷம் கேக்கும். எனக்கு ஏது அவ்வளவு?" என்று எழுந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டார். உள்ளேயிருந்து மாக் சித்தி எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அதைக் குடிக்காமலே எழுந்து வந்தேன்.

போன வருஷம் அவர் இறந்தபோது நீதான் என்னைக் காப்பாருக்குக் கூட்டிப்போனாய். இவ்வளவு வருஷப் பழக்கம், ஏன் அம்மா படியேறாமல் வெளியிலேயே நிற்கிறாய் என்று கேட்டாய். முழங்கால் என்றேன்.

மற்ற பதினேழு பேரிடமும் அந்த மாதமே போய், நான் சொன்னது பொய் என்று சொன்னேன். இரண்டு பேர் சரக்குக் கொடுப்பதை நிறுத்திக்கொண்டார்கள். மற்றவர்கள் நிறுத்தவில்லை, வேறு களமும் அவர்களுக்குப் பக்கத்தில் இல்லை. அதற்குப் பிறகு நான் யார் பாக்கையும், மட்டமாக இருந்தால் ஒழிய மட்டம் என்று சொன்னதில்லை. வாங்க முடியாதபோது வாங்க முடியவில்லை என்றே சொல்கிறேன். அதைச் சொல்லும்போது திட்டு வாங்குகிறேன். ஒரு தடவை மேஜைமேல் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டுப் போனார் ஒருவர். துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். அந்த மனுஷன் ஒரு மரத்தையும் வெட்டவில்லை.

இப்போது உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீ கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு உன் வெள்ளைச் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் ஒரு கடிதம் இருந்தது. நனையாமல் எடுத்து வைத்தேன். படிக்காமல் வைக்கத்தான் நினைத்தேன். நாகப்பட்டினத்துக் கடைக் கையெழுத்தை இருபது வருஷமாகப் படித்தவளுக்குக் கண் தானாகவே ஓடிவிட்டது. வரி மறுபடி கூடப்போகிறது, வரும் பருவத்திலிருந்து மலாயாச் சரக்கையே எடுப்பதில்லை என்று கடையில் முடிவாகிவிட்டது, "தங்கள் தாயாருக்கு எப்படித் தெரிவிப்பது என்பதைத் தாங்கள் இங்கு வந்தபின் யோசிக்கலாம்" என்று எழுதியிருந்தது. தேதியைப் பார்த்தேன். ஒரு மாதமாக நீ அதைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாய். அந்த ஒரு மாதமும் நீ ஏன் என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. மடித்து, இருந்த பையிலேயே வைத்தேன். துறையில் நீ என் காலைத் தொட்டுக் கும்பிட்டபோது நிமிர நேரமாயிற்றே, அப்போதாவது சொல்லிவிடுவாய் என்று நினைத்தேன். சொல்ல முடியவில்லை உனக்கு. எனக்கும் கேட்க முடியவில்லை. நீ என் பிள்ளைதான் என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

கோபம் இல்லை, தம்பி. அந்த முடிவை நீ எடுக்கவில்லை. பிள்ளையும் எடுத்திருக்க மாட்டார். இவ்வளவு பெரிய ஊரில் இதையெல்லாம் யார் எடுக்கிறார்கள் என்று யாருக்குமே தெரியாது போலிருக்கிறது. அம்மாவின் தொழிலைப் பறிக்கிற கடையிலேயே நான் போய் வேலை பார்ப்பதா என்று குழம்பாதே. நீ வேலையை விட்டுத் திரும்பி வந்தால் வரி குறையப்போவதில்லை. அங்கேயே இரு. வேளைக்குச் சாப்பிடு. பிள்ளை வீட்டில் மோர் நன்றாக இருக்கும். களத்தை என்ன செய்வது என்று நான் பார்த்துக்கொள்கிறேன். பெண்களில் மூன்று பேருக்கு என் அண்ணன் மூலமாக வேறு வேலைக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். வெங்காயம் விற்றாவது நான் பிழைத்துக்கொள்வேன், பாக்கு விற்றுத்தான் பிழைக்க வேண்டும் என்று யாரும் என் தலையில் எழுதவில்லை.

ஒன்று மட்டும் செய். அந்தக் கடிதத்தைக் குமாஸ்தாவிடம் விடாதே. நீயே உன் கையால் எழுது. அம்மா என்பதற்காகச் சுற்றி வளைக்காதே, பருவம் சரியில்லை, சந்தை மந்தம், பிறகு பார்க்கலாம் என்றெல்லாம் எழுதாதே. பிறகு பார்க்க ஒன்றும் இல்லை என்றால், இல்லை என்று எழுது. நம் பாக்கில் குறை இருப்பதாக ஒரு எழுத்து வரக்கூடாது. கிள்ளான் சரக்கு நல்ல சரக்கு, எங்களுக்கு இனி வேண்டாம், காரணம் வரி. இவ்வளவு போதும். எனக்கு மட்டும் எழுதாமல், உங்கள் கடைக்குச் சரக்கு அனுப்பும் மற்ற ஊர்க்காரர்களுக்கும் அப்படியே எழுது. பிள்ளை வேண்டாம் என்றால், கிள்ளான் அம்மாள் கேட்டாள் என்று சொல். அவருக்கு ஞாபகம் இருக்கும்.

தாமதம் செய்யாதே. இன்னும் ஆறு வாரத்தில் காப்பார் பக்கம் காய் வெட்டத் தொடங்கிவிடுவார்கள். அதற்குள் உன் கடிதத்தோடு நான் போய்ச் சொல்ல வேண்டிய வீடு பதினைந்து இருக்கிறது, எல்லாம் தள்ளித் தள்ளி. இந்தக் காலோடு ஒரு நாளைக்கு இரண்டு வீட்டுக்கு மேல் என்னால் ஏறி இறங்க முடியாது.

அம்மா